காலக்கோடு முதலில், விழுக்காடு பிறகு

8.3, 13.1, 5.7. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்க நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில், மருந்து பெற்ற பிரிவில் தொற்று கண்ட குழந்தைகளின் விழுக்காடு இவை. பயிற்சி வகுப்பில் மூன்றையும் பலகையில் எழுதி, எந்த மருந்து சிறந்தது என்று கேட்டால், முன்வரிசையிலிருந்து "5.7 தான் சார்" என்று பதில் வரும். பின்வரிசையில் மூத்த கிராம சுகாதார செவிலியர் யாராவது இருந்தால், "அது புள்ள பொறந்து எத்தன நாள்ல எடுத்த கணக்கு சார்?" என்பார். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

முதல் எண் ஏசிடிஜி 076 என்ற ஆய்வினுடையது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்து 1994இல் வெளியானது. இரண்டாவது, உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த எச்ஐவிநெட் 012; வெளியான ஆண்டு 1999. மூன்றாவது, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2002இல் வெளிவந்த பெட்ரா. 8.3 என்பது 18 மாத வயதுக்கான கணக்கு. அந்தத் தாய்மார்கள் பாலூட்டவில்லை. 13.1 என்பது 14 முதல் 16 வாரத்தில் எடுத்தது. அங்கே ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் பாலூட்டினார்கள். 5.7 என்பது 6 வாரக் கணக்கு. அதே பெட்ராவின் அதே பிரிவை 18 மாதத்தில் எண்ணியபோது 5.7 என்பது 15 ஆகியிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தேன்சிட்டு என்ற மாட்டுப் பிரிவுக்கு ஒரு தூரம், பூஞ்சிட்டுப் பிரிவுக்கு ஒரு தூரம், பெரிய மாட்டுக்கு வேறு தூரம். தேன்சிட்டு முதலில் திரும்பி வந்துவிட்டது என்பதால் அது பெரிய மாட்டைவிட வேகம் என்று எவரும் சொல்வதில்லை. ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்ததும் மட்டும் இந்த நிதானம் நம்மைவிட்டுப் போய்விடுகிறது. பக்கம் பக்கமாகக் கிடக்கும் எண்களில் எது எந்தத் தூரத்துக்கானது என்பது கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம். அதைத் தெரியவைக்கத்தான் படம்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணினி மென்பொருள் எதுவும் வேண்டாம். கிராப் தாள், அடிக்கோல், நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனா போதும். கையால் ஒருமுறை வரைந்தவருக்குத்தான் அச்சில் வரும் படங்களில் எங்கே என்ன மறைந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

காலக்கோடு வரைதல்

ஏ4 அளவு கிராப் தாளை அகலவாக்கில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். கர்ப்பகாலம் 9 செ.மீ., பிரசவத்துக்குப் பின் 18 மாதம் 18 செ.மீ.; மொத்தம் 27 செ.மீ. தாளுக்குள் அடங்கும். ஒன்பதாவது சென்டிமீட்டரில் மேலிருந்து கீழாகத் தடித்த கோடு ஒன்று போடுங்கள். அது பிரசவம். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு வரிசை. தாய்க்கு மருந்து கொடுத்த காலத்தை நீலத்திலும் குழந்தைக்குக் கொடுத்ததைச் சிவப்பிலும் வரையுங்கள். பாலூட்டிய ஆய்வு என்றால் அந்த வரிசையின் அடியில் பச்சைப் பட்டை. எந்த வயதில் எண்ணினார்களோ அந்த இடத்தில் கறுப்பில் ஒரு செங்குத்துக் கோடு. விழுக்காட்டை இப்போது எழுதக் கூடாது. கை துறுதுறுக்கும், பொறுங்கள்.

076இன் வரிசையில் நீலக்கோடு கர்ப்பத்தின் 14 முதல் 34 வாரத்துக்குள் தொடங்குகிறது. ஆளுக்கு ஆள் தொடக்கம் மாறுவதால் அந்தப் பகுதியை வெளிறிய நீலத்தில் காட்டுங்கள். பிரசவத்தின்போது நரம்பு வழியாக ஜிடோவுடின் ஏற்றினார்கள். குழந்தைக்கு 6 வாரம் சொட்டு மருந்து, அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் சிவப்பு. பச்சை கிடையாது.

அடுத்த வரிசை பாங்காக். 1999இல் வெளியான இந்த ஆய்வு, அத்தனை நீண்ட மருந்து முறை ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. நீலம் 36ஆம் வாரத்தில்தான் தொடங்குகிறது. பிரசவக் கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னால். குழந்தைக்கு ஒன்றுமில்லை, பச்சையும் இல்லை. அதற்குக் கீழே ஐவரி கோஸ்டின் அபிஜான். மருந்து முறை பாங்காக்கைப் போலவேதான், ஆனால் இங்கே பச்சைப் பட்டை உண்டு. வேறு எந்த இரண்டு வரிசையையும்விட இந்த இரண்டையும் அடுத்தடுத்து வரையச் சொல்வேன்.

கம்பாலா வரிசையில் வரைய அதிகம் இல்லை. பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு 200 மி.கி. நெவிரப்பின் மாத்திரை ஒன்று, 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஒரு வேளை மருந்து. நீலப்புள்ளி ஒன்று, சிவப்புப் புள்ளி ஒன்று. பேனா முனை பட்டாலே முடிந்தது. கீழே பச்சை மட்டும் நீண்டு போகும். இந்தியாவின் தேசியத் திட்டமும் ஜிடோவுடினை முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, பத்தாண்டுக்கு மேல் பெரும்பாலும் இந்தப் புள்ளிகளை நம்பித்தான் நடந்தது.

பெட்ராவில் நான்கு பிரிவுகள். ஏ பிரிவில் ஜிடோவுடின், லாமிவுடின் இரண்டும் 36ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை, பிறகு தாய்க்கும் சேய்க்கும் 7 நாள். பி பிரிவில் கர்ப்பகால மருந்தை மட்டும் நீக்கினார்கள். சி பிரிவில் பிரசவ நேரத்து மருந்து மட்டும். நான்காவது பிரிவுக்கு வெற்று மாத்திரை.

கடைசி வரிசையில் இன்று நடப்பதை வரையுங்கள். 2014 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணி அனைவருக்கும், உடலின் எதிர்ப்புச் செல் எண்ணிக்கை எவ்வளவு என்று பாராமல், வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து. நீலக்கோடு தாளின் வலது விளிம்பைத் தாண்ட வேண்டும்; ஓர் அம்புக்குறி போட்டு நிறுத்துங்கள். குழந்தைக்குக் குறைந்தது 6 வாரம் சிவப்பு. "அந்தக் காலத்துல பிரசவத்தப்ப ஒரு மாத்திரைதானே குடுத்தாக, இப்ப எதுக்கு ஆயுசுக்கும்?" என்று கேட்பவர்களுக்கு இந்தத் தாளைக் காட்டினால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

இதே தாளில் இன்னொரு அடுக்கும் போட வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் அது வராது, நம் ஊருக்கு அது இல்லாமல் முடியாது. பயிற்சிக்காக ஒரு கற்பனைத் தாயை எடுத்துக்கொள்வோம். மார்க்கையன்கோட்டையில் பிறந்து திருப்பூரில் வாக்கப்பட்டவர். கர்ப்பம் பதிவானது திருப்பூரில், கூட்டு மருந்து வாங்குவதும் அங்கே. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து தாய்வீடு வருகிறார். பிரசவம் இந்தப் பக்கம். ஐந்தாம் மாதவாக்கில் குழந்தையோடு திரும்புகிறார். பால் ஒரு வயதுக்கு மேலும் கொடுப்பார். அவர் திருப்பூரில் இருக்கும் மாதங்களுக்கு ஒரு நிழல், மார்க்கையன்கோட்டையில் இருக்கும் மாதங்களுக்கு இன்னொரு நிழல் என்று மேலிருந்து கீழே மெல்லிய பென்சிலால் தீட்டுங்கள்.

இப்போது பாருங்கள். 076இன் நீலக்கோடு திருப்பூரில் தொடங்கி இங்கே முடிகிறது. நடுவில் மாத்திரைக் கணக்கு ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். பாங்காக்கின் 36ஆம் வாரத் தொடக்கம் முழுக்க இங்கே விழுகிறது. குழந்தைக்கு உலர் ரத்தப் பொட்டு எடுக்கும் 6 வாரச் சோதனை இங்கே. 6 மாதம், 12 மாதம், 18 மாதச் சோதனைகள் திருப்பூரில். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடிகாலை ஜீப்பில் இடுக்கி மலை ஏறும் பெண்ணுக்கு இந்த நிழல் வேறு மாதிரி இருக்கும். அவர் எந்த நாளில் மருந்து வாங்க வர முடியும் என்பதே தனிக் கேள்வி. ஆய்வில் கிடைத்த விழுக்காடு, மருந்து இடைவிடாமல் போய்ச் சேர்ந்தவர்களின் விழுக்காடு. நிழல் மாறும் இடங்களில்தான் நம் ஊரில் அது அறுந்துபோகும்.

கணக்கு நகர்வதைக் காட்டும் கோடு

காலக்கோடு முடிந்த பிறகே விழுக்காடு. அதையும் ஒரே எண்ணாக எழுதாமல் வயதுக்கு ஏற்ப நகரும் கோடாக வரையுங்கள். கம்பாலா ஆய்வு இதற்கு நல்ல பயிற்சி, ஏனென்றால் நான்கு வயதுகளில் எண்ணிச் சொன்னார்கள். நெவிரப்பின் பிரிவில் பிறப்பில் 8.2, ஆறு முதல் எட்டு வாரத்தில் 11.9, பதினான்கு முதல் பதினாறு வாரத்தில் 13.1, பதினெட்டு மாதத்தில் 15.7. ஒப்பீட்டுப் பிரிவில் 10.4, 21.3, 25.1, 25.8. இரண்டு கோடும் பிறப்பில் ஒட்டியே கிளம்புகின்றன. முதல் சில வாரங்களில் கீழ்க்கோடு படுத்துக்கொள்ள, மேல்கோடு எகிறுகிறது. மருந்தின் வேலை நடந்த காலம் அதுதான்: பிரசவமும் பாலூட்டலின் முதல் வாரங்களும். அதன் பிறகு இரண்டும் ஏறக்குறைய இணையாகப் போகின்றன. ஒரு மாத்திரை அவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதே வியப்புதான்.

பெட்ராவில் நேர்மாறு. 6 வாரத்தில் ஏ பிரிவு 5.7, பி பிரிவு 8.9, சி பிரிவு 14.2, வெற்று மாத்திரை 15.3. பதினெட்டு மாதத்தில் 15, 18, 20, 22. விரிந்த விசிறி மடங்குவதுபோல் நான்கு கோடும் நெருங்கிவருவது படத்தில் தெரியும். பச்சைப் பட்டையோடு சேர்த்துப் பார்த்தால் காரணமும் தெரியும்: மருந்து பிரசவம் முடிந்த ஏழாம் நாளில் நின்றது, பாலூட்டல் நிற்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். 076இல் தொற்று நிலை தெரிந்த குழந்தைகள் 363 பேர். மருந்துப் பிரிவில் 180 பேரில் 13, வெற்று மாத்திரைப் பிரிவில் 183 பேரில் 40. வகுத்துப் பார்த்தால் 7.2, 21.9 என்றுதான் வரும். கட்டுரையோ 8.3, 25.5 என்கிறது. அச்சுப்பிழை இல்லை. முடிவு வெளியானபோது பல குழந்தைகள் 18 மாதத்தைத் தொட்டிருக்கவில்லை. அவர்களையும் கணக்கில் கொண்டு 18 மாதத்தில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்லும் காப்லான்-மேயர் முறையில் வந்த எண்கள் அவை. படிக்கட்டுபோல் ஏறும் கோட்டைக் கட்டுரையில் கண்டால் அது இந்த முறைதான். வலப்பக்கம் போகப்போக அந்தப் படிக்கட்டைத் தாங்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். நல்ல கட்டுரைகள் அந்த எண்ணிக்கையைக் கோட்டுக்கு அடியிலேயே வரிசையாக அச்சிடும். அது இல்லாத படத்தின் வலது ஓரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சதுரத்துக்குள் ஆய்வுகள்

பல ஆய்வுகளை ஒரே பார்வையில் வைக்க எனக்குப் பிடித்தது லாபே படம். கிறிஸ்டன் லாபேயும் உடனாளிகளும் 1987இல் முன்வைத்தது. 15 செ.மீ. பக்கமுள்ள சதுரம் போடுங்கள். கிடைக்கோட்டில் ஒப்பீட்டுப் பிரிவின் விழுக்காடு, செங்குத்தில் மருந்துப் பிரிவின் விழுக்காடு. இரண்டும் 0 முதல் 30 வரை, ஒரு விழுக்காட்டுக்கு அரை சென்டிமீட்டர். இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு கோடு. அதன்மேல் விழும் ஆய்வில் மருந்தால் வித்தியாசமே இல்லை. அதே கீழ் மூலையிலிருந்து வலப்பக்க விளிம்பின் பாதி உயரத்துக்கு இன்னொரு கோடு. அதற்குக் கீழே விழுந்தால் தொற்று பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது.

புள்ளிகளை வையுங்கள். 076க்குக் கிடையில் 25.5, நெட்டில் 8.3, பாதிக்கோட்டுக்கு நன்றாகக் கீழே. பாங்காக் 18.9, 9.4, பாதிக்கோட்டின் மேலேயே உட்காருகிறது. அபிஜான், மூன்று மாதக் கணக்கு, 26.1, 16.5, பாதிக்கோட்டைவிட உயரத்தில். ஒரே மருந்து முறை, பச்சைப் பட்டை மட்டும் வேறு. பெட்ராவின் ஏ பிரிவுக்கு இரண்டு புள்ளிகள்: 6 வாரத்தில் 15.3, 5.7; 18 மாதத்தில் 22, 15. முதலிலிருந்து இரண்டாவதுக்கு அம்பு போடுங்கள். பாதிக்கோட்டைத் துளைத்து மேலேறும். கம்பாலாவை உள்ளே நிரப்பாத வெற்று வட்டமாக வையுங்கள், 25.1, 13.1. அங்கே ஒப்பிட்டது வெற்று மாத்திரையோடு இல்லை, பிரசவத்தின்போதும் பிறந்த ஒரு வாரமும் கொடுத்த ஜிடோவுடினோடு. அந்த வட்டத்தை மற்ற புள்ளிகளோடு ஒரே வண்ணத்தில் வைப்பது தவறான ஒப்பீடு.

முடிந்ததும் புள்ளிகளின் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் பாருங்கள். மருந்தே பெறாத பிரிவுகள் 15.3 முதல் 26.1 வரை சிதறிக் கிடக்கின்றன. எண்ணிய வயது, பாலூட்டல், தாயின் ரத்தத்தில் கிருமியின் அளவு எல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறு. மருந்துப் பிரிவின் எண்ணை மட்டும் எடுத்து இன்னோர் ஆய்வின் மருந்துப் பிரிவோடு ஒப்பிடுகிறவர் இந்தச் சிதறலையும் மருந்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்.

அந்தக் கிடைக்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உள்ள ஒவ்வொரு விழுக்காடும் குழந்தைகள். 1994இலேயே ஜிடோவுடின் பயனுள்ளது என்று தெரிந்த பிறகும் ஏழை நாடுகளில் வெற்று மாத்திரையோடு ஒப்பிடலாமா என்று 1997இல் மருத்துவ இதழ்களில் கடும் சண்டை நடந்தது. 1998 பிப்ரவரியில் பாங்காக் முடிவு அறிவிக்கப்பட்டதும் மற்ற ஆய்வுகளிலும் வெற்று மாத்திரைப் பிரிவை நிறுத்தினார்கள். படம் வரைபவருக்கு அந்தப் பிரிவு ஓர் அளவுகோல். அதில் இருந்த தாய்மார்களுக்கு அப்படி இல்லை. பயிற்சியில் இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

புனே ஆய்வும் ஃபாரஸ்ட் பிளாட்டும்

ஃபாரஸ்ட் பிளாட்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். காக்ரேன் நிறுவனத்தின் சின்னமே அதுதான். குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட ஆய்வுகளின் கோடுகள் அவை. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு படுக்கைக் கோடு, நடுவே ஒரு பெட்டி. பெட்டி என்பது கண்ட மதிப்பு. கோட்டின் நீளம் நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இதற்குள் இருக்கலாம் என்று தரவு அனுமதிக்கும் வரம்பு. நடுவில் 1 என்ற செங்குத்துக் கோடு. அதில் நின்றால் இரண்டு பிரிவும் சமம்.

இதைப் பழக இந்தியாவும் பங்கேற்ற ஓர் ஆய்வை எடுப்போம். ஸ்வென் என்ற பெயரில் எத்தியோப்பியா, உகாண்டா, நம் நாட்டில் புனே ஆகிய இடங்களில் நடந்து, 2008இல் லான்செட் இதழில் வெளிவந்தது. புனேயில் நடத்தியது பி.ஜே. அரசு மருத்துவக் கல்லூரி. பாலூட்டும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஒரு வேளை நெவிரப்பின் போதுமா, 6 வாரம் தினமும் கொடுத்தால் மேலும் பயனுண்டா என்பது கேள்வி. 6 வாரக் கணக்கில் ஒரு வேளைப் பிரிவில் 5.3 விழுக்காடு, நீட்டித்த பிரிவில் 2.5. கட்டுரை தரும் விகிதம் 0.54, இடைவெளி 0.34 முதல் 0.85 வரை. 6 மாதத்தில் 9.0க்கு எதிராக 6.9, விகிதம் 0.80, இடைவெளி 0.58 முதல் 1.10 வரை. விழுக்காடுகளை நேரே வகுத்தால் கட்டுரையின் விகிதம் அப்படியே வராது. வரையும்போது கட்டுரை தருவதையே வையுங்கள், சொந்த வகுத்தலை வேண்டாம்.

விகிதத்துக்குச் சாதாரண அளவுகோல் ஆகாது. பாதியாவதும் இரட்டிப்பாவதும் 1இலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி: 0.25, 0.5, 1, 2, 4 என்ற ஐந்து எண்களையும் 4 செ.மீ. இடைவெளியில் குறியுங்கள். இந்த அளவில் 0.54 என்பது 1க்கு இடப்பக்கம் 3.6 செ.மீ.; அதன் கோடு 6.2இலிருந்து 0.9 வரை ஓடும். 0.80 இடப்பக்கம் 1.3 செ.மீ.; அதன் கோடு இடப்பக்கம் 3.1இல் தொடங்கி, 1ஐக் கடந்து, வலப்பக்கம் அரை சென்டிமீட்டர் சொச்சத்தில் முடியும்.

ஒரே ஆய்வு, இரண்டு கோடுகள். முதல் கோடு 1ஐத் தொடவில்லை, இரண்டாவது தாண்டிவிட்டது. "தாண்டிருச்சு, அப்ப மருந்து வேலை செய்யல" என்று வகுப்பில் அடிக்கடி கேட்கிறேன். கோடு அப்படிச் சொல்லவில்லை. பெட்டி இன்னும் இடப்பக்கம்தான் இருக்கிறது. உறுதியாகச் சொல்லுமளவுக்குத் தரவு இறுக்கமாக இல்லை என்றுதான் பொருள். காலக்கோட்டுத் தாளை எடுத்து ஸ்வெனுக்கும் ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள். சிவப்பு ஒன்றரை சென்டிமீட்டரில் நிற்கிறது, பச்சை தொடர்கிறது. அப்படியானால் சிவப்பையும் பச்சையோடு சேர்த்து நீட்டினால்? மலாவியில் நடந்து 2010இல் வெளியான பான் ஆய்வு அதைத்தான் செய்தது. குழந்தைக்கு 28 வாரம் வரை நெவிரப்பின் கொடுத்த பிரிவில், இரண்டு வாரத்துக்குப் பின் ஏற்பட்ட தொற்று 1.7 விழுக்காடு. கூடுதல் மருந்து இல்லாத பிரிவில் 5.7. தாய்க்குக் கூட்டு மருந்து கொடுத்த பிரிவில் 2.9. காலக்கோடு எழுப்பிய கேள்விக்கு அடுத்த ஆய்வு பதில் சொல்கிறது. வெறும் விகிதங்களைப் பார்த்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

வெவ்வேறு வயதில் எண்ணிய ஆய்வுகளை அடுக்கி, அடியில் ஒரே வைரக்குறியாகக் கூட்டிக் காட்டும் படங்களும் உண்டு. பாலூட்டியவை, பாலூட்டாதவை என்று குழு பிரித்துக் கூட்டியிருந்தால் பாருங்கள். இல்லையென்றால் வைரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே உள்ள கோடுகளை மட்டும் படியுங்கள்.

நூறு புள்ளிகள், ஆயிரம் புள்ளிகள்

ஃபாரஸ்ட் பிளாட் விகிதம் பேசும். எத்தனை குழந்தைகள் என்று பேசாது. 076இல் தொற்று 67.5 விழுக்காடு குறைந்தது. 2016இல் வெளியான புரோமிஸ் ஆய்வில் (இதிலும் இந்தியா உண்டு) கர்ப்பகாலக் கூட்டு மருந்துப் பிரிவில் பிறந்த முதல் வாரத் தொற்று 0.5, ஜிடோவுடினை அடிப்படையாகக் கொண்ட பிரிவில் 1.8; ஏறக்குறைய 72 விழுக்காடு குறைவு. விகிதப் படத்தில் இரண்டு பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். புள்ளிப் படத்தில் பாருங்கள். 076க்கு 100 புள்ளிகள் போதும்: 25 அல்லது 26 கறுத்திருந்த இடத்தில் 8. புரோமிஸுக்கு 100 புள்ளி போட்டால் அரைப் புள்ளி கறுக்க வேண்டும். 1000 புள்ளி போடுங்கள். 18 இருந்த இடத்தில் 5. முன்னதில் சுமார் 6 தாய்மாருக்கு மருந்து கொடுத்தால் ஒரு தொற்று தவிர்க்கப்படும், பின்னதில் சுமார் 77.

அதற்காகப் பின்னதைச் சிறிதென்று தள்ள வேண்டாம். ஆனால் அதே ஆய்வின் இன்னோர் எண்ணையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஜிடோவுடின் சேர்ந்த கூட்டு மருந்துப் பிரிவில் 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்கள் 23 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 12. ஆயிரத்துக்கு 230, 120. தொற்றுக்கு ஒரு தாள், எடைக்கு ஒரு தாள் என்று ஒரே அளவுப் புள்ளிகளில் வரைந்து ஒட்டினால்தான் ஆய்வு முழுதாகத் தெரியும். அந்த ஆய்வின் கூட்டு மருந்தும் இன்று நம் மையங்களில் தரும் டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரையும் ஒன்றல்ல என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

தொற்று மட்டும் காட்டும் படம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு போட்ஸ்வானாவின் மாஷி ஆய்வு, 2006. புட்டிப்பால் பிரிவில் 7 மாதத்தில் தொற்று 5.6, ஜிடோவுடினோடு தாய்ப்பால் கொடுத்த பிரிவில் 9.0. புட்டிப்பால் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். அதே 7 மாதத்தில் இறப்பு? புட்டிப்பாலில் 9.3, தாய்ப்பாலில் 4.9. 18 மாதத்தில் தொற்று அல்லது இறப்பு இரண்டையும் சேர்த்து எண்ணியபோது 13.9, 15.1, தராசு ஏறக்குறைய நேராகிவிட்டது. அதனால் பாலூட்டல் பற்றிய எந்த ஒப்பீட்டிலும் ஒரே கம்பத்தில் தொற்றை ஒரு வண்ணத்திலும் இறப்பை இன்னொரு வண்ணத்திலும் அடுக்குங்கள். கம்பம் எப்போதும் 0இல் தொடங்கட்டும்.

தாயின் பிற்கால நலம் எந்தப் படத்திலும் எளிதில் வராது. தாய்லாந்தில் பிரசவத்தின்போது ஒரு வேளை நெவிரப்பின் பெற்ற பெண்கள் பிறகு நெவிரப்பின் சேர்ந்த சிகிச்சைக்கு வந்தபோது, ஆறு மாதத்தில் கிருமி முழுக்க அடங்கியவர்கள் 49 விழுக்காடு. அதைப் பெறாதவர்களில் 68. காலக்கோட்டில் வெறும் ஒரு புள்ளியாக இருந்தது மருந்துக்கு எதிர்ப்பாகத் தங்கிவிட்டது. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு இதை எழுதலாம்.

தாயின் எதிரில் எந்தப் படம்

"எம் புள்ளைக்கும் வந்துருமா சிஸ்டர்?" என்று கேட்பவர் முன்னால் லாபே சதுரத்தை விரிக்காதீர்கள். அங்கே 100 புள்ளித் தாள் மட்டும். சிகிச்சையே இல்லாமல், நீண்டகாலம் பாலூட்டினால், நூற்றுக்கு 20 முதல் 45 குழந்தைகளுக்குப் பரவலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது. மருந்தைத் தவறாமல் எடுத்தால், பாலூட்டினாலும் 5க்குக் கீழே கொண்டுவர முடியும். இரண்டு தாள், பக்கத்தில் பக்கத்தில். "இந்த நூறு புள்ளயில எத்தன புள்ளைக்கு வராதுன்னு எண்ணிப் பாரும்மா" என்று அவரையே எண்ணவிடுங்கள். கறுத்த புள்ளிகளை ஒரே மூலையில் சேர்த்து வையுங்கள். சிதறவிட்டால் எண்ண முடியாமல் கலவரம்தான் மிஞ்சும்.

இந்தத் தாள்கள் எதிலும் நம் பகுதித் தாய்மார்களின் கணக்கைச் சேர்க்கக் கூடாது. மாவட்ட அளவில் நூறு புள்ளியில் ஒன்று யாரென்று தெரியாது. மார்க்கையன்கோட்டை போன்ற பேரூராட்சியில், "போன வருசம் ஒரு பிரசவம்" என்று ஒரு புள்ளி வைத்தாலே தெரு, வீடு எல்லாம் வெளியே வந்துவிடும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, நம்பிச் சொன்ன ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. படமாக வெளியிட்டாலும் அது மீறல்தான். திருப்பூர், மார்க்கையன்கோட்டை நிழல் போட்ட காலக்கோட்டையும் கற்பனைத் தாய்க்கு மட்டுமே வரையுங்கள். உண்மையான ஒருவருக்காக வரைய நேர்ந்தால், மருந்து மாற்றும் தேதிகளைப் பேசி முடித்ததும் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள், அல்லது அவர் கண்ணெதிரே கிழித்துப் போடுங்கள்.

ஆய்வுப் படங்களைப் பயிற்சி அறையில் மாட்டலாம். பிரசவ வார்டின் நடைவழியில் வேண்டாம். ஒவ்வொரு தாளின் அடியிலும் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த வயதில் எண்ணியது, பாலூட்டினார்களா. நான்கில் ஒன்று விடுபட்டிருந்தால், நிரப்பும்வரை அந்தத் தாளைச் சுவரில் ஏற்ற வேண்டாம்.